சூப் ஏன் கஞ்சியானது? காய்கறி பார்லி சூப்பின் கோளாறுகளும் கைவைத்தியமும்

காய்கறி சூப்பில் ஒரு பிடி பார்லி அரிசியைச் சேர்த்துவிட்டால் அதுவே ஒரு வேளைச் சாப்பாடு. என் மாமனாருக்குப் பல் முழுவதையும் எடுத்துவிட்டு, செட் கட்டும்வரை மூன்று மாதம் எங்கள் வீட்டில் இரவுக்கு இதுதான். பார்லி தீர்ந்த நாளில் சாமை, அதுவும் இல்லாத நாளில் கேழ்வரகு மாவு. அந்த மூன்று மாதத்தில் இந்தச் சூப்பில் வரக்கூடிய கோளாறு ஏறக்குறைய எல்லாமே வந்தது. ஒவ்வொன்றுக்கும் காரணம் தேடி, சரிசெய்து, மறுநாள் திரும்பவும் வைத்துப் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

காரணங்களில் பாதிக்கு மேல் ஒரே இடத்துக்குத்தான் போகின்றன. தானியம் வேகும் நேரம் வேறு, காய் வேகும் நேரம் வேறு. இரண்டையும் ஒன்றாகக் குக்கரில் போட்டு மூடினால் ஏதாவது ஒன்று கெடும்: ஒன்று பார்லி பல்லில் கடிபடும், இல்லையென்றால் பீன்ஸ் கூழாகும்.

அதனால் முதலில் என் அளவைச் சொல்லிவிடுகிறேன். நான்கு பேருக்குக் கால் கப் பார்லி (50 கிராம் அளவு), 300 கிராம் காய், ஒரு தக்காளி, பத்து சின்ன வெங்காயம், நான்கு பல் பூண்டு, மொத்தம் ஒன்றேகால் லிட்டர் தண்ணீர், ஒன்றரை தேக்கரண்டி தூள் உப்பு. பார்லியை நான்கு மணி நேரம் ஊறவைத்து, 600 மில்லி தண்ணீரில் மிதமான தீயில் ஐந்து விசில். ஆவி தானாக அடங்க வேண்டும். இன்னொரு பாத்திரத்தில் வெங்காயம், பூண்டு வதக்கி, மீதித் தண்ணீர் ஊற்றிக் கொதித்ததும் காயைப் போட்டு வேகவைக்கிறேன். முதலில் கேரட், ஐந்து நிமிடம் கழித்து பீன்ஸ், அப்புறம் கோஸ், கேரட் மெத்தென்று ஆனபிறகு தக்காளி. கடைசியில் பார்லியை அதன் தண்ணீரோடு சேர்த்து ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, பொடித்த மிளகும் சீரகமும் தூவி இறக்குகிறேன்.

உங்கள் சூப்பில் என்ன தெரிகிறதோ அந்த இடத்துக்கு நேராகப் போய்விடலாம்.

இறக்கும்போது சூப், அரை மணி நேரத்தில் கஞ்சி

அதிகம் பேர் சொல்லும் குறை இதுதான். அடுப்பை அணைத்ததோடு பார்லியின் வேலை முடிவதில்லை. வெந்த மணி சூடு இருக்கும்வரை தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அதோடு பார்லியில் பீட்டா குளுக்கான் என்ற கரையும் நார்ச்சத்து உண்டு. அது தண்ணீரில் இறங்கி வழவழப்பைத் தரும். ஆற ஆற மாவுச்சத்தும் இறுகும். ஆகவே இரவு எட்டு மணிக்குச் சரியாக இருந்த சூப் மறுநாள் காலையில் கரண்டி நிற்கும் அளவுக்கு ஆவது அதன் இயல்பு. நீங்கள் தப்பு எதுவும் செய்யவில்லை.

சரிசெய்ய, கொதிக்கும் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்குங்கள். பச்சைத் தண்ணீரை ஊற்றினால் மறுபடி நன்றாகக் கொதி வரும்வரை அடுப்பில் வைக்க வேண்டும். தண்ணீர் சேர்த்த அளவுக்கு உப்பும் மிளகும் குறைந்திருக்கும், அதைப் பார்க்கப் பலர் மறந்துவிடுகிறார்கள். அரை லிட்டர் தண்ணீர் கூட்டினால் அரைத் தேக்கரண்டிக்குச் சற்று அதிகமாக உப்பு தேவைப்படும்.

வராமல் தடுக்க இரண்டு வழி. சாப்பிட நேரமாகும் என்று தெரிந்தால் வேண்டும் என்கிற பதத்தைவிட நீர்க்க இறக்குங்கள். மறுநாளைக்கும் சேர்த்துச் செய்தால் வெந்த பார்லியைத் தனி டப்பாவிலும் காய் சாற்றைத் தனி டப்பாவிலும் வைத்து, வேண்டும்போது கலந்துகொள்ளுங்கள். சாமையும் வரகும் இதில் பார்லியைவிடக் கஷ்டம். பத்துப் பதினைந்து நிமிடத்தில் வெந்துவிடும், ஆனால் ஒரு மணி நேரம் விட்டால் பொங்கல்தான். சாமை சூப்பை அடுப்பிலிருந்து நேராகக் கிண்ணத்துக்குக் கொண்டுபோக முடிகிற நாளில் மட்டும் செய்கிறேன்.

ரொம்பவே இறுகிப்போனதை நீர்க்கச் செய்ய மெனக்கெட வேண்டாம். உப்பு சரியாக இருந்தால் அதை அடை மாவில் கலந்துவிடலாம், நன்றாகவே வரும்.

தண்ணீர் மேலே, தானியம் கீழே

மேலே சொன்னதற்கு நேர் எதிர். பார்லி வெந்திருக்கிறது, காய் வெந்திருக்கிறது, ஆனால் ரெண்டும் ஒட்டாமல் ரசத்தில் சுண்டல் போட்டது போல நிற்கிறது. மாவுச்சத்து தண்ணீரில் இறங்கவில்லை என்று அர்த்தம். பார்லியை வேகவைத்த தண்ணீரை வடித்துக் கொட்டியிருந்தால் இப்படித்தான் ஆகும். அந்தத் தண்ணீர்தான் சூப்பின் உடம்பு, அதைக் கொட்டாதீர்கள்.

வெந்த பார்லியில் ஒரு கரண்டி எடுத்து மத்தால் மசித்து மறுபடி சூப்பில் விடுங்கள். இரண்டு நிமிடக் கொதியில் சேர்ந்துகொள்ளும். மசிப்பதற்குப் பதில் ஒரு பிடி வெந்த பாசிப்பருப்பும் போடலாம்.

கடையில் கிடைக்கும் சூப்பைப் போல வேண்டும் என்று சோளமாவை (கார்ன்ஃப்ளார்) கரைத்து ஊற்றுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தானியமே உள்ளே இருக்கும்போது வெள்ளை மாவு எதற்கு? அதோடு சோளமாவின் பிடிப்பு நீண்ட நேரம் நிற்காது. தக்காளிப் புளிப்போடு அதிக நேரம் கொதித்தால் மறுபடி நீர்த்துவிடும்.

இதிலேயே இன்னொரு வகை உண்டு. பாத்திரத்தில் கெட்டியாக இருந்தது, சாப்பிட்டு மீந்த கிண்ணத்தில் பார்த்தால் தண்ணீராகக் கிடக்கிறது. குழந்தைக்கு ஊட்டுகிறவர்கள் இதை அடிக்கடி பார்த்திருப்பார்கள். காரணம் எச்சில். நம் உமிழ்நீரில் மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸ் என்ற நொதி இருக்கிறது. வாயில் வைத்த கரண்டி திரும்பத் திரும்பக் கிண்ணத்துக்குள் போகும்போது அந்த நொதியும் போகிறது, மாவு உடைந்து நீர்க்கிறது. சூப் கெட்டுப்போனதாக அர்த்தமில்லை. ஆனால் எச்சில் பட்ட மிச்சத்தை எடுத்துவைக்க வேண்டாம். ருசி பார்க்கத் தனிக் கரண்டி வைத்துக்கொண்டால் பாத்திரத்தில் இருக்கும் சூப்புக்கு ஒன்றும் ஆகாது.

பார்லி எத்தனை விசில் விட்டாலும் கடிபடுகிறது

ஒவ்வொன்றாகக் கேட்டுப் பாருங்கள்.

ஊறவைத்தீர்களா? நான்கு மணி நேரமாவது வேண்டும். மறந்துபோனால் கொதிக்கும் தண்ணீரில் ஒரு மணி நேரம் மூடிவைத்து, இரண்டு விசில் கூடுதலாக விடுங்கள்.

தக்காளி, புளி, எலுமிச்சை எதையாவது பார்லியோடு சேர்த்து வேகவைத்தீர்களா? புளிப்பு இருக்கும் தண்ணீரில் தானியமும் காயும் மெதுவாகத்தான் வேகும். புளிப்பு எதுவானாலும் எல்லாம் மெத்தென்று ஆனபிறகுதான் உள்ளே போக வேண்டும். இந்த ஒரு மாற்றத்தைச் செய்தாலே பாதிப் புகார்கள் நின்றுவிடும் என்பது என் அனுபவம்.

தண்ணீர் எது? உப்புக் கூடிய போர் தண்ணீரில் துவரம்பருப்பு வேகாமல் அடம்பிடிக்கும் வீடுகளில் இந்தச் சூப்பும் அடம்பிடிக்கும். அந்தத் தண்ணீரில் இருக்கும் கால்சியம் காயையும் பருப்பையும் இறுக்கிப் பிடிக்கிறது. வேகவைக்க மட்டும் நல்ல தண்ணீரோ கேன் தண்ணீரோ பயன்படுத்திப் பாருங்கள். சமையல் சோடா போட்டால் சீக்கிரம் வெந்துவிடும்தான். ஆனால் தானியத்தில் இருக்கும் தையமின் என்ற பி1 வைட்டமினை அது அழிக்கும், காயையும் கூழாக்கும். நான் போடுவதில்லை.

எந்த ஊரில் சமைக்கிறீர்கள்? இது விளையாட்டுக் கேள்வி இல்லை. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் எவ்வளவு நேரம் கொதித்தாலும் சூடு அதற்கு மேல் ஏறாது. மலை ஊர்களில் பார்லிக்குக் குக்கர் கட்டாயம், சமவெளியைவிட இரண்டு மூன்று விசில் கூடவும் வேண்டும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் வேகவில்லையென்றால் பார்லி பழசாக இருக்கும். கொஞ்சமாக வாங்கி, சீக்கிரம் தீர்ப்பதுதான் வழி.

கேரட் கல்லு, பீன்ஸ் கூழ்

எல்லாக் காயையும் ஒரே நேரத்தில் போட்டதால் வருவது. கேரட், பீட்ரூட், நூக்கல் போன்ற கிழங்கு வகை முதலில், பீன்ஸ், பட்டாணி அடுத்தது, கோஸ், காலிஃபிளவர் அப்புறம், சுரைக்காய், பீர்க்கங்காய் கடைசிக்கு முன்னால், கீரை இறக்கும்போது. அல்லது நேரத்துக்குப் பதில் அளவை மாற்றலாம். கேரட்டைப் பட்டாணி அளவுக்கும் சுரைக்காயைப் பெரிய துண்டாகவும் நறுக்கினால் ரெண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக வெந்துவரும்.

கேரட் மட்டும் எவ்வளவு நேரம் ஆனாலும் மெத்தென்று ஆகவில்லையா? தக்காளி முன்னால் போனதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் தீயைப் பாருங்கள். காயைப் பச்சைத் தண்ணீரில் போட்டு, சிம்மில் வைத்து, வேறு வேலைக்குப் போயிருப்பீர்கள். 60 டிகிரி வாக்கில் வெதுவெதுப்பாக அரை மணி நேரம் கிடந்த கேரட்டில் ஒரு நொதி வேலைசெய்து, செல்களை ஒட்டவைக்கும் பெக்டினை இறுக்கிவிடும். அதன்பிறகு கொதிக்கவைத்தாலும் அது எளிதில் இளகாது. கொதிக்கும் தண்ணீரில் காயைப் போடுங்கள் என்று பெரியவர்கள் சொல்வது இதனால்தான் சரியாக அமைகிறது. அப்படி இறுகிப்போன கேரட்டை நான் மறுபடி வேகவைப்பதில்லை. வெளியே எடுத்து மிக்ஸியில் அரைத்துச் சூப்பிலேயே விட்டுவிடுகிறேன், நல்ல நிறமும் வரும்.

கேழ்வரகு மாவு கட்டிகட்டியாக மிதக்கிறது

கொதிக்கும் சூப்பில் மாவை நேராகத் தூவினால் ஒவ்வொரு உருண்டையின் வெளிப்பக்கமும் உடனே வெந்து தோல் போல மூடிக்கொள்ளும். உள்ளே இருக்கும் மாவுக்குத் தண்ணீர் போய்ச் சேராது. எவ்வளவு கலக்கினாலும் அந்தக் கட்டி கரையாது. அதனால்தான் இரண்டு மேசைக்கரண்டி மாவை முதலில் அரைக் கப் பச்சைத் தண்ணீரில், கையால் கட்டியில்லாமல் கரைத்துக்கொண்டு, ஒரு கையால் ஊற்றி மறு கையால் கலக்கிக்கொண்டே சேர்க்கிறோம்.

ஏற்கெனவே கட்டி விழுந்துவிட்டது என்றால் வடிகட்டியில் ஊற்றி, கட்டிகளைக் கரண்டியின் முதுகால் அழுத்தித் தேய்த்து மறுபடி பாத்திரத்துக்கு அனுப்புங்கள். நிறைய இருந்தால் மிக்ஸி. இங்கே ஒரு எச்சரிக்கை. கொதிக்கக் கொதிக்கச் சூப்பை மிக்ஸியில் ஊற்றி மூடி அரைத்தால் உள்ளே நிறையும் ஆவி மூடியைத் தூக்கி எறியும், முகத்திலும் கையிலும் தெறித்துச் சுட்டுவிடும். கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, ஜாரில் பாதிக்கு மேல் நிரப்பாமல் அரையுங்கள்.

கட்டி இல்லை, ஆனால் பச்சை மாவு வாசனை வருகிறது என்றால் மாவு வேகவில்லை. மாவு சேர்த்தபிறகு குறைந்தது எட்டு நிமிடம், பத்து ஆனாலும் நல்லது. நிறம் கறுத்து ஒரு பளபளப்பு வந்தால் வெந்துவிட்டது.

குக்கர் மூடி வழியாக நுரை வழிகிறது

இதைக் கடந்துபோய்விடாதீர்கள். பார்லியும் சிறுதானியமும் கொதிக்கும்போது நுரைத்து மேலே எழும். நுரையோடு போகும் மணியும் உமியும் ஆவி வெளியேறும் துளையை அடைத்துவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். ஒரு தடவை எங்கள் வீட்டில் வெயிட் ஆடாமல் மூடியின் ஓரத்தில் கஞ்சி கொப்பளித்தது. அடுப்பை அணைத்துவிட்டு, எல்லாரையும் சமையலறையை விட்டு வெளியே வரச்சொல்லி, முக்கால் மணி நேரம் கழித்துத்தான் பக்கத்தில் போனேன். திறந்து பார்த்தால் துளையில் ஒரே ஒரு பார்லி மணி.

தானியம் வேகவைக்கும்போது தண்ணீரோடு சேர்த்துக் குக்கரின் பாதி அளவைத் தாண்டக் கூடாது. இரண்டு மூன்று தண்ணீரில் கழுவினால் நுரை குறையும். அரைத் தேக்கரண்டி எண்ணெய் விட்டால் நுரை எழும்பாது. மூடும் முன் திறந்தபடி ஒரு கொதி விட்டு, மேலே வரும் நுரையைக் கரண்டியால் எடுத்துவிடுவது இன்னும் நல்லது. ஒவ்வொரு முறையும் வெயிட் மாட்டும் துளையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நுரை வழிந்தால் தீயைக் கூட்டவோ வெயிட்டைத் தூக்கவோ வேண்டாம். அணைத்துவிட்டுக் காத்திருங்கள்.

அடிப்பிடித்துவிட்டது

கலக்காதீர்கள், சுரண்டாதீர்கள். மேலே இருப்பதை அப்படியே வேறு பாத்திரத்துக்கு மாற்றி, ருசி பாருங்கள். தீய்ந்த வாசனை ஏறாமல் இருந்தால் பிழைத்தது. லேசாக ஏறியிருந்தால் மிளகும் எலுமிச்சையும் ஓரளவு மறைக்கும். நன்றாக ஏறிவிட்டால் எதைப் போட்டாலும் போகாது, அந்தப் பார்லியையும் நேரத்தையும் விட்டுவிட வேண்டியதுதான்.

தானியம் கனமானது, அடியில் போய் உட்காரும். மெல்லிய எவர்சில்வர் பாத்திரமும் பெரிய தீயும் சேர்ந்தால் ஐந்து நிமிடத்தில் ஒட்டிக்கொள்ளும். அடி கனமான பாத்திரம் வேண்டும், பார்லி சேர்த்தபிறகு தீ சின்னதாக இருக்க வேண்டும், கரண்டி அடியைத் தொட்டு வர வேண்டும்.

சப்பென்று இருக்கிறது

எல்லாம் வெந்திருக்கிறது, பதமும் சரி. ஆனால் ஆஸ்பத்திரிச் சாப்பாடு மாதிரி இருக்கிறது. உடனே மசாலாப் பொடியைத் தேட வேண்டாம். இந்த வரிசையில் போங்கள்.

முதலில் உப்பு. மாவுச்சத்து உப்பை அமுக்கும். அதனால் தானியம் இல்லாத சூப்புக்குப் போடும் உப்பு இதற்குப் போதாது. கால் தேக்கரண்டி போட்டு, கலக்கி, ஒரு நிமிடம் விட்டு ருசி பாருங்கள். உப்பு சரியாகியும் மந்தமாக இருந்தால் புளிப்பு: அடுப்பை அணைத்துவிட்டு அரை மூடி எலுமிச்சை. இந்த இடத்தில்தான் பெரும்பாலான சூப் கண் விழிக்கும். அதற்கும் மேல் ஏதோ குறைகிறது என்றால் கொழுப்பு இல்லை. ஒரு தேக்கரண்டி நெய்யில் நான்கு மிளகையும் கொஞ்சம் சீரகத்தையும் தட்டிப் போட்டுத் தாளித்து ஊற்றுங்கள்.

நாளைக்குச் செய்யும்போது அடித்தளத்தையே மாற்றலாம். பார்லியை ஊறவைக்கும் முன் வெறும் வாணலியில் வாசனை வரும்வரை ஐந்து நிமிடம் வறுங்கள். வழவழப்பும் குறையும், கடலை வறுத்தது போல ஒரு மணமும் வரும். வெங்காயத்தைப் பொன்னிறம் தாண்டி, ஓரங்கள் பழுப்பாகும்வரை பொறுமையாக வதக்குங்கள். அவசரத்தில் கண்ணாடி போல ஆனதும் தண்ணீரை ஊற்றுவதுதான் சப்பென்று போக முக்கியக் காரணம். கொத்தமல்லித் தண்டு, பட்டாணித் தோல், முருங்கைக்கீரைக் காம்பு எல்லாவற்றையும் கழுவி ஒரு துணியில் கட்டிப் பதினைந்து நிமிடம் கொதிக்கவிட்டு எடுத்துவிடுங்கள். ஐந்தாறு காளான் நறுக்கி வெங்காயத்தோடு வதக்கினால் சாற்றுக்கு இருக்கும் ஆழமே வேறு.

கோஸ் வாசனை தூக்கலாக, கொஞ்சம் அழுகல் மாதிரி வருகிறதா? கோஸும் காலிஃபிளவரும் அதிக நேரம் வெந்தால் கந்தக வாசனை விடும். கடைசி ஐந்து நிமிடத்தில் போட்டு, திறந்தபடி வேகவிடுங்கள்.

உப்புக் கரிக்கிறது

உருளைக்கிழங்கைப் போட்டால் உப்பை உறிஞ்சிவிடும் என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள். கிழங்கு உப்பை மட்டும் தேடி இழுப்பதில்லை. சூப்பில் இருக்கிற உப்புத் தண்ணீரில் கொஞ்சத்தைக் குடிக்கிறது, அவ்வளவுதான். மீதிச் சூப் அதே கரிப்போடுதான் இருக்கும். உப்பில்லாமல் வேகவைத்த பார்லியும் வெந்நீரும் சேர்த்து அளவைக் கூட்டுவது ஒன்றே வழி. உப்பை இரண்டு தவணையாகப் போடுங்கள், இரண்டாவது தவணை பார்லி சேர்ந்தபிறகு.

கசக்கிறது

கசப்பில் மூன்று வகை. மூன்றுக்கும் தீர்வு வேறு.

பூண்டோ சீரகமோ கருகியிருந்தால் லேசான கசப்பு வரும். தேங்காய்ப்பால் கொஞ்சம் சேர்த்தால் அடங்கும். மஞ்சள்தூள் கூடினாலும் இதே கசப்புதான்.

கம்பு மாவு போட்ட சூப் கசந்து, பழைய எண்ணெய் வாசனை அடித்தால் மாவு சிக்குப் பிடித்துவிட்டது. மற்ற தானியங்கள் பலவற்றைவிடக் கம்பில் கொழுப்பு அதிகம். முழு மணியாக இருக்கும்வரை பாதுகாப்பாக இருக்கும் அந்தக் கொழுப்பு, அரைத்ததும் காற்றும் நொதியும் பட்டுச் சில நாட்களிலேயே கெட ஆரம்பிக்கும். இதற்கு வைத்தியம் கிடையாது. கம்பை முழுதாக வாங்கி, ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் உடைத்து ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

மூன்றாவது ஆபத்தானது. சுரைக்காய், பீர்க்கங்காய், வெள்ளரி போட்ட சூப் கடுமையாகக் கசந்தால் ஒரு வாய்கூட விழுங்காமல் மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள். இந்தக் குடும்பத்துக் காய்களில் சில சமயம் குகர்பிட்டாசின் என்ற நச்சுப்பொருள் அதிகமாகிவிடும். வேகவைத்தாலும் அது போகாது. வாந்தி, வயிற்றுப்போக்கு வரும், கடுமையானால் இரத்த வாந்திவரை போகலாம், உயிருக்கே ஆபத்து. உடம்புக்கு நல்லது, கசந்தாலும் குடி என்று பெரியவர்களையோ குழந்தைகளையோ கட்டாயப்படுத்த வேண்டாம். சுரைக்காய் நறுக்கும்போது ஒரு சிறு துண்டை நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துத் துப்புங்கள். கசந்தால் அந்தக் காய் குப்பைக்குத்தான். குடித்தபிறகு வாந்தி வந்தால் உடனே ஆஸ்பத்திரி.

பால் திரிந்தது, பச்சை மங்கியது

தக்காளி இருக்கும் கொதிசூப்பில் குளிர்ந்த பாலை ஊற்றினால் திரியும். பாலை வெதுவெதுப்பாக்கி, அடுப்பை அணைத்தபிறகு சேர்க்க வேண்டும், தேங்காய்ப்பாலும் அப்படியே. தயிர் விட ஆசைப்பட்டால் மோர்க்குழம்புக்குச் செய்வது போல ஒரு தேக்கரண்டி அரிசி மாவை அதில் அடித்துக்கொள்ளுங்கள், மாவு தயிரைத் திரியவிடாமல் பிடித்துக்கொள்ளும். திரிந்துபோனதை அரைத்தால் கண்ணுக்குத் தெரியாது, குடிக்கலாம்.

பீன்ஸும் கீரையும் பாசி நிறத்துக்குப் போவது புளிப்பாலும் அதிக நேரத்தாலும். மூடாமல் வேகவைத்து, எலுமிச்சையைக் கிண்ணத்தில் பிழியுங்கள்.

இரவு நன்றாக இருந்தது, காலையில் புளித்த வாசனை

நம் ஊர் வெக்கையில் கெட்டியான சூப் ஒரு பாத்திரத்தில் நிறைய இருந்தால் நடுப்பகுதி ஆற மணிக்கணக்கில் ஆகும். மண்ணிலிருந்து தானியத்தோடும் காயோடும் வரும் சில பாக்டீரியாக்களின் வித்துகள் கொதித்தாலும் சாவதில்லை. சூடு 60 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் அவை முளைத்துப் பெருகும். அவற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்ற ஒன்று விடும் நச்சு, மறுபடி கொதிக்கவைத்தாலும் அழியாது. அதனால் காலையில் நன்றாகக் கொதிக்கவிட்டுக் குடித்துவிடலாம் என்ற கணக்கு தப்பு. வாசனை வராவிட்டாலும் இரவு முழுக்க அடுப்பு மேலேயே இருந்த தானியச் சூப்பைக் கொட்டிவிடுங்கள்.

சாப்பிட்டு முடித்ததும் மிச்சத்தை அகலமான இரண்டு மூன்று பாத்திரத்தில் மெல்லியதாகப் பரப்பி, தண்ணீர்த் தாம்பாளத்தில் வைத்து ஆறவிடுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குப் போய்விட வேண்டும். மூன்று நாள் வைக்கலாம். வேண்டிய அளவை மட்டும் எடுத்துக் கொதிவரச் சூடாக்குங்கள், மொத்தத்தையும் திரும்பத் திரும்பச் சூடாக்க வேண்டாம்.

சூப்பில் குறையில்லை, குடிப்பவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை

வயிறு உப்புசமாக இருக்கிறது என்றால் பார்லியின் அளவைப் பாதியாகக் குறைத்து, ஒரு வாரத்தில் மெல்லக் கூட்டுங்கள். திடீரென்று இவ்வளவு நார்ச்சத்தைக் குடல் ஏற்காது. கோதுமையைப் போலவே பார்லியிலும் குளூட்டன் என்ற புரதம் உண்டு. கோதுமையைத் தவிர்க்கச் சொல்லி மருத்துவர் சொன்ன சீலியாக் நோயாளிகளுக்கு இது ஆகாது. அவர்களுக்குச் சாமை, தினை, கேழ்வரகு. சர்க்கரை இருப்பவர்களுக்கு முழு மணியாகவே கொடுங்கள். நைசாக அரைத்த தானியம் சர்க்கரையைச் சீக்கிரம் ஏற்றும்.

பக்கவாதத்துக்குப் பிறகு விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்குத் தண்ணீரும் மணியும் கலந்த சூப் எளிது என்று நினைக்கிறோம். உண்மையில் அவர்களுக்கு அதுதான் கஷ்டம். மணியை மெல்லும்போதே தண்ணீர் தொண்டைக்கு ஓடிவிடும், புரை ஏறும், மூச்சுக்குழாய்க்குள் போகவும் கூடும். எந்தப் பதம் சரி என்று அவர்களைப் பார்க்கும் மருத்துவரிடமோ விழுங்கும் பயிற்சி கொடுப்பவரிடமோ கேட்டு, மொத்தத்தையும் ஒரே பதமாக அரைத்து, உட்காரவைத்து, சின்னக் கரண்டியால் கொடுங்கள். ஒரு வாய் முழுசாக இறங்கியது தெரிந்த பிறகுதான் அடுத்த வாய்.

என் மாமனாருக்கு அந்தச் சிரமம் இல்லை, பல் மட்டும்தான். முதல் மாதம் அரைத்துக் கொடுத்தேன். இரண்டாவது மாதம் ஒரு விசில் கூட்டிப் பார்லியை ஈறாலேயே நசுக்கும் பதத்துக்குக் கொண்டுவந்தேன். செட் வந்த அன்று அவர் கேட்டது கொஞ்சம் கடிபடுகிற பார்லி. நான்கு விசிலில் இறக்கினேன்.